பன்சரா கேட்ட கேள்வி

எங்கள் கிம்தாரா மலையில் வீடுகள் படிப்படியாக, ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக இருக்கும். என் முற்றத்து ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் பன்சரா ரோகாயாவின் கூரை தெரியும். அவள் எருமை கன்று போட்டதா, அவள் புருஷன் நரஜித் எழுந்துவிட்டானா, இன்றைக்கு அடுப்பு புகைகிறதா, எல்லாம் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் பதினாலு வருஷம் அவளுக்காக ஒரு துரும்பை எடுத்துப் போட்டவள் இல்லை நான். இத்தனைக்கும் இந்த வார்டின் சுகாதாரத் தொண்டர் நான்தான். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து, கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பேன். எனக்கு வருஷத்துக்கு ஒரு நீலப் புடவை, மற்றபடி சம்பளம் கிடையாது. ஊரில் எல்லோருக்கும் நான் 'ஜுனா அக்கா'.

பன்சராவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினேழில் மூத்தவள் ரூபசி பிறந்தாள். எங்கள் பக்கத்தில் பேறு நடப்பது மாட்டுக் கொட்டிலில். பதினோராம் நாள் தீட்டுக் கழித்துப் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். பன்னிரண்டாம் நாள் தாய் சாணக் கூடையை முதுகில் ஏற்றி, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மக்காச்சோளக் காட்டுக்கு ஏறிவிடுவாள். பன்சராவும் அப்படித்தான் ஏறினாள். அடுத்து ஒரு பையன். அவனுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்து ஏழாம் நாளே போய்விட்டது. அந்தத் துக்கத்தோடு புல் வெட்டப் போன ஒரு நாள், சரிவில் புல்லுக் கட்டைத் தூக்கி நிமிர்ந்தபோது அடிவயிற்றில் இருந்து ஏதோ நழுவி இறங்கினது போல் இருந்திருக்கிறது. தொட்டுப் பார்த்துப் பயந்துபோய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். கர்ப்பப்பை இறங்கிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான், ஊற்றில் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது, குடத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அக்கா, எனக்கு உள்ள இருக்கறது வெளிய வந்துட்டுது. உக்காந்தா குத்துது. நின்னா இழுக்குது."

நான் அப்போது தொண்டராகி மூன்று வருஷம். ஓர் அட்டைப் பெட்டி நிறைய மாத்திரை வைத்திருந்தேன். ஆனால் என் வாயில் வந்தது இதுதான்:

"என்ன பண்றது பன்சரா? பொம்பளைப் பொறப்பு. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. கடைசி வரைக்கும் அப்படியே இருந்து போய்ச் சேந்தா."

"ஆமாக்கா. என்ன பண்றது?" என்றாள் அவளும். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப் போனாள்.

அந்த வார்த்தையை நான் பழிக்கமாட்டேன். எங்கள் ஊரில் அது இல்லாமல் ஒரு நாள் கழியாது. எருமை பள்ளத்தில் உருண்டு செத்தபோது மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த ஒருவனைக் களிக்கு முன்னால் உட்காரவைத்தது அந்த வார்த்தைதான். பன்சராவின் பச்சைக் குழந்தை போனபோது அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாங்கள் சொன்னதும் அதுதான். செத்துப் போனதற்குச் சொல்லும்போது அது ஆறுதல். உயிரோடு இருப்பதற்கும் நாங்கள் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். பாலத்தில் பலகை போய்விட்டதா, என்ன பண்றது. வாத்தியார் மாசத்தில் எட்டு நாள்தான் வருகிறாரா, என்ன பண்றது. ஊற்று கீழே இருக்கிறது, வீடு மேலே இருக்கிறது, பெண்கள் இடுப்பொடிய ஏறுகிறார்கள், என்ன பண்றது. சொல்லி முடித்ததும் ஏதோ செய்து முடித்த நிம்மதி வந்துவிடும்.

பன்சரா பழந்துணியைக் கிழித்து வைத்துக் கட்டிக்கொண்டு நடமாடினாள். கல்யாண வீடுகளில் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, அவள் கதவோரம் நின்றுகொண்டிருப்பாள். "உக்காருடி, என்ன பெரிய மகாராணியா?" என்று கிண்டல் செய்வார்கள். தன் மேல் வாடை வருகிறதோ என்று பயந்து கூட்டத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். சிரித்தால் இறங்கும், தும்மினால் இறங்கும். நரஜித் பக்கத்தில் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் கெட்டவன் இல்லை. இரண்டொரு தரம் ஏன் என்று கேட்டிருக்கிறான். 'பொம்பளைக் கஷ்டம்' என்று அவள் சொன்னதும் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறான். அவர்களும் என்ன பண்றது என்றார்கள். விட்டுவிட்டான்.

இப்படியே பதினாலு வருஷம் போனது. ரூபசியைப் பக்கத்து மலையில் கட்டிக்கொடுத்தார்கள். பையன் இமாசலத்துக்கு ஆப்பிள் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான்.

அது நெல் அறுத்து முடிந்த சமயம். ரூபசி நாலு மாசக் குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் மலேசியாவில். ஒரு காலை, மாடியில் கட்டித் தொங்கவிட்டிருந்த மக்காச்சோளக் கொத்தை இறக்கப் போனவள், முகத்தைச் சுளித்து, தொடை இரண்டையும் சேர்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னடி?" என்றாள் பன்சரா.

"ஒண்ணுமில்லம்மா. உனக்கு இருக்குதே, அதான்." ரூபசி சிரித்தாள். "பொம்பளைப் பொறப்பு. என்ன பண்றது?"

பன்சரா இதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "அக்கா, அவ சொன்னது என் குரல்ல இருந்துச்சு. தலையைச் சாய்ச்சது, கையை விரிச்சது எல்லாம் நானேதான். இருபது வயசுப் பொண்ணு மூஞ்சியில என் வாய் ஒட்டிக்கிட்டு இருந்த மாதிரி." மகளை அறையக் கை ஓங்கினாளாம். எதற்கு அறைவது என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டு, நேராக என் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டாள்.

நான் முற்றத்தில் சோயா புடைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ரூபசிக்கும் வந்துடுச்சுக்கா. என்ன பண்றது?"

நான் முறத்தைக்கூட நிறுத்தவில்லை. "அடக் கடவுளே. என்ன பண்றது பன்சரா, நம்ம..."

"திருப்பி அதையே சொல்லாத!" என்று கத்தினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கீழ்வீட்டு நாய் குரைத்தது. "நான் உங்கிட்ட கேக்கறேன். நீ நீலப் புடவை கட்டிக்கிட்டு மீட்டிங் போறவதானே? என்ன பண்றதுன்னு கேக்கறேன். பதில் சொல்லு."

கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் யாரும் பதிலுக்குக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. முறம் என் மடியில் இருந்தது. எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

ஏனென்றால் என்னிடம் பதில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் சுகாதார நிலையத்துக் கூட்டத்தில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். தை மாசம் கீழே சுர்க்கேத் பட்டணத்தில் கர்ப்பப்பை இறக்கத்துக்கு இலவச அறுவை சிகிச்சை முகாம், உங்கள் ஊரில் யாருக்காவது இருந்தால் அழைத்து வாருங்கள் என்று. நான் அதைக் கொண்டுவந்து சொட்டு மருந்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். யார் இதை வாய்விட்டுச் சொல்லப்போகிறார்கள், சொன்னாலும் எந்தப் புருஷன் அனுப்பப்போகிறான் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

பெட்டியைத் தூக்கிக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன். இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

நாளைக்கே போகலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் போல் இருந்தது.

மறுநாள் மூவரும் சுகாதார நிலையத்துக்கு நடந்தோம். அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண். இருவரையும் பார்த்துவிட்டு, ரூபசிக்கு இன்னும் முற்றவில்லை, கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்தால் போதும், ஆனால் ஆறு மாசம் பாரம் தூக்கக் கூடாது என்றாள். பன்சராவுக்கு அறுவைதான், அதற்குப் பிறகு அவளும் ஆறு மாசம் எதையும் தூக்கக் கூடாது.

ரூபசியின் மாமியாருக்கு என் போனிலிருந்து பன்சராவே பேசினாள். அந்தப் பக்கம் பொரிந்து தள்ளினார்கள். "சும்மா உக்காத்தி வெச்சு சோறு போடவா உன் பொண்ணைக் கட்டிக்கிட்டு வந்தோம்? நாங்கெல்லாம் புள்ள பெக்கலையா? வேல செய்யலையா?"

பன்சரா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு மெல்லக் கேட்டாள். "சம்பந்தி, உங்களுக்கும் இருக்குதா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் போனை வாங்கப் போனேன். அப்புறம் ஒரு குரல் வந்தது. "அவ ஆறு மாசம் அங்கயே இருக்கட்டும்." அதோடு வைத்துவிட்டார்கள்.

நரஜித்தைச் சம்மதிக்க வைக்கத்தான் மூன்று நாள் ஆனது. நான் போனபோது அவன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"ஜுனா அக்கா, நீங்களே சொல்லுங்க. ஆறு மாசம்! எருமைக்கு யாரு புல்லு வெட்டுவா?"

"நீங்க," என்றாள் உள்ளே இருந்து பன்சரா.

"தண்ணி?"

"நீங்க."

"ஆம்பள குடம் தூக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்!"

"பதினாலு வருஷமா நான் சிரிக்கலை. ஊராவது சிரிக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். "இதெல்லாம் பொறந்த ஆறாம் நாள் விதியம்மா வந்து எழுதிட்டுப் போறது," என்றான் கடைசியாக. "அழிக்க முடியுமா?"

பன்சரா வெளியே வந்தாள். "எழுதினதை நான் பாக்கலை. நீங்க பாத்தீங்களா? ஜுனா அக்கா வெச்சிருக்கற காகிதத்துல எழுதியிருக்கறதை அக்காவே படிச்சுக் காட்டினாங்க."

அதற்குப் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாதது. அவனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, எங்கே வலிக்கிறது, எப்படி இருக்கிறது, சிறுநீர் எப்படிப் போகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில் நரஜித் என் முற்றத்துக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா. இவ்வளவுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது," என்றான். "எப்பக் கிளம்பணும்?"

கீழ் பஜார் வரைக்கும் ஐந்து மணி நேர இறக்கம். வழியெல்லாம் நரஜித் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஊரார் பார்க்கும் இடங்களில் விட்டான், திருப்பத்தில் மறுபடி பிடித்தான். பஜாரில் எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு எருமைக்காகத் திரும்பிப் போனான். ஜீப்பில் பன்சரா உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் திணறியதை டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. முன் சீட்டில் இருந்த ஒப்பந்தக்காரரைப் பின்னால் அனுப்பி, தன் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, "அம்மா, இங்க வாங்க. சாஞ்சு உக்காருங்க," என்றான். ஒப்பந்தக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அந்த டிரைவரின் பெயரைக் கேட்காமல் இறங்கிவிட்டோம் என்று பன்சரா இன்றைக்கும் வருத்தப்படுகிறாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவைப் பார்த்துத்தான் நாங்கள் இருவரும் படியிலேயே நின்றுவிட்டோம். எண்பது பேர் இருக்கும். தைலேக், ஜாஜர்கோட், காலிகோட் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். ஒருத்தரும் சரியாக உட்காரவில்லை. எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, பன்சராவைப் போலவே. ஒருத்தி இரண்டு நாள் நடந்து வந்திருந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கஷ்டமாம்.

"இத்தனை பேரா?" என்றாள் பன்சரா. "எனக்கு மட்டும்னு நெனச்சிருந்தேனே!"

"நான் எங்க ஊர்ல எனக்கு மட்டும்னு நெனச்சேன்," என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு ஜாஜர்கோட்டுக்காரி. "இங்க வந்தா எங்க ஊர்க்காரியே அஞ்சு பேரு. அதுல ஒருத்தி என் ஓரகத்தி! ஒரே அடுப்புல சமைக்கிறோம், ஒருத்திக்கொருத்தி தெரியாது!"

யாரோ சிரித்தார்கள். "ஐயோ சிரிக்க வெக்காதீங்கடி, இறங்குது!" என்று இன்னொருத்தி கத்தினாள். அவ்வளவுதான், வராந்தா முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே எண்பது பேர் சிரித்தார்கள். நர்ஸ் வந்து அதட்டினாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள், பன்சரா கட்டிலில் படுத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, என் மனசில் இருந்ததை அவிழ்த்தேன். ஊற்றில் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, காகிதத்தை ஒளித்து வைத்திருக்கக் கூடாது என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் ஒரு சுளையை என் கையில் வைத்தாள். "நீ ஒருத்தியா சொன்ன? நானுந்தான் சொன்னேன். நானே என்னை விட்டுட்டப்ப உன்னை என்ன குத்தம் சொல்றது? ஆனா ஒண்ணுக்கா. நான் கத்தினப்ப நீ கோவிச்சுக்கிட்டு உள்ள போயிருந்தா நான் மறுபடி கேட்டிருக்க மாட்டேன். நீ எந்திரிச்சுப் பெட்டியைத் தூக்கின பாரு. அதுக்கு உன்னைக் கும்பிடணும்."

கும்பிட வேண்டியது நான்தான் என்று அவளிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுளையைத் தின்றேன்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது நரஜித் குடமும் கூடையுமாகப் பாதி ஆளாகியிருந்தான். டீக்கடையில் இருந்து ஒவ்வொரு தடவையும் குரல் வருமாம். "அண்ணி, தண்ணிக்கா? கொலுசு எங்க அண்ணி?" முதல் வாரம் அவன் தலை குனிந்து போனான். இரண்டாம் வாரம், கேட்டவன் தலையில் குடத்தை வைத்து, "மேல வரைக்கும் வா, கொலுசு வாங்கித் தரேன்," என்றான். அவன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் எங்கள் பெண்களுக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். ஊற்று கீழே, வீடு மேலே என்று இருபது வருஷம் பேசாமல் இருந்த நரஜித், ஒன்றரை மாசம் குடம் சுமந்ததும் வார்டு ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டான். மேல் காட்டில் இன்னொரு ஊற்று இருக்கிறதே, குழாய் போட்டால் தானாக இறங்காதா என்று கேட்டான். பட்ஜெட் இல்லை, என்ன பண்றது என்றார் செயலாளர். "குழாய் கொடுங்க, பள்ளம் நாங்க வெட்டறோம், அதைத்தான் பண்றது," என்றானாம். டீக்கடையில் உட்கார்ந்து கிண்டல் செய்தவர்களே மண்வெட்டியோடு வந்தார்கள். பங்குனிக்குள் எங்கள் முற்றத்துக்கு இருபதடி தூரத்தில் தண்ணீர் விழுந்தது. "இவங்களை இருபது வருஷத்துக்கு முந்தியே தண்ணி சுமக்க விட்டிருக்கணும்," என்றாள் பன்சரா.

ரூபசிக்கு வளையமே போதுமானதாக இருந்தது. அவள் புருஷன் போனில் எல்லாம் கேட்டுக்கொண்டு, இன்னொரு பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்றான். அடுத்த வருஷ முகாமுக்கு எங்கள் வார்டில் இருந்து ஏழு பேர் போனார்கள். பக்கத்து மலையில் இருந்து ரூபசியின் மாமியாரும் வந்து சேர்ந்துகொண்டார். ஜீப்பில் பன்சராவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்.

இப்போது சொட்டு மருந்து நாளில் பன்சரா என்னோடு வீடு வீடாக வருகிறாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாக வருகிறாள். நான் சுற்றி வளைத்துக் கேட்பதை அவள் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நேராகக் கேட்டுவிடுகிறாள். "எனக்கு இருந்துச்சும்மா. உனக்கு எப்படி?" என்று ஆரம்பிப்பாள். ஒளிக்க நினைத்தவர்கள்கூட அவள் முன்னால் வாயைத் திறந்துவிடுகிறார்கள். அரசாங்கம் எனக்கு இருபது வருஷத்தில் மூன்று பயிற்சி கொடுத்தது. நாலாவதை இவள் கொடுத்தாள்.

போன மாசம் மேல் வீட்டில் பிள்ளை பிறந்து பதினைந்து நாள். நாங்கள் போனபோது அந்தப் பெண் விறகுக் கட்டைத் தூக்க வாசலில் குனிந்துகொண்டிருந்தாள். புருஷன் வெயிலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். பன்சரா கட்டின் மேல் காலை வைத்து நிறுத்தினாள்.

"தம்பி, இது உன்னுதா?"

"இல்ல அத்தை, அவ கொண்டு வந்தது."

"சரி, இனிமே உன்னுது. உள்ள கொண்டு போய் வை."

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து கட்டைத் தோளில் தூக்கினான். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பன்சரா குழந்தையை வாங்கிக்கொண்டு, வெயில் படும்படி சுவரோரம் அவளுக்கு ஒரு பாயைப் போட்டாள்.